சம்மதம் என்ற ஒரே பொத்தான்

மாநில மருந்துக் கிடங்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் முத்திரையக்கா. மத்திய அரசிடம் மருந்து கேட்டுக் கடிதம் எழுதுவது பதினெட்டு வருடமாக அவள் வேலை. ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் "மருந்து வழங்கல் சட்டம், பிரிவு 14-ன்படி" என்று அடிப்பாள். இயக்குநர் கையெழுத்திட்டதும் வட்ட முத்திரையை ஓங்கிக் குத்துவாள். பக்கத்து மேஜைக்காரரின் தேநீர் தளும்பும். அந்த வரியை ஒருவரும் படித்ததில்லை. பிறகு இணையதளம் வந்தது. முத்திரை இழுப்பறைக்குள் போயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலை இணையதளத்தைத் திறந்தால் புதிதாக ஒரு பக்கம். கிராமத்துச் சிறு மருத்துவமனைகளை மூடிவிட்டு, மாவட்டத்துக்கு ஒரே பெரிய மருத்துவமனை என்னும் மத்திய அரசின் கொள்கையை மாநிலம் ஏற்கிறதாம். கீழே ஒரே பொத்தான்: "சம்மதம்". அதை அமுக்காமல் மருந்துப் பட்டியலுக்குள் நுழைய முடியாது. குழந்தைகளின் தடுப்பூசியோ மூன்று வாரத்துக்குத்தான் இருந்தது.

சட்டசபை இரண்டு முறை வேண்டாமென்று தள்ளிய கொள்கை அது. பேசி ஜெயிக்க வக்கில்லாமல், பிள்ளைகளின் ஊசியைப் பிடித்து வைத்துக்கொண்டு காரியம் சாதிக்கப் பார்க்கிறார்கள். இதற்குப் பெயர் நிர்வாகமாம்!

"அமுக்கித் தொலைங்கக்கா. நம்மள யாரு கேக்கப் போறா?" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"உங்க வீட்டுப் பத்திரத்துலயும் இப்படித்தான் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடுவீங்களா?"

அவளுடைய நாத்தனார் ஆற்றுக்கு அப்பால் ஒரு சிறு மருத்துவமனையில் நர்ஸ். போன மாதம் ஒன்பது பிரசவம் பார்த்தவள். அதை மூடினால், இடுப்புவலி எடுத்தவள் பாலத்தைச் சுற்றி மூன்று மணி நேரம் போக வேண்டும்.

முத்திரையக்கா நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், நான் அமுக்க மாட்டேன்."

"விளையாடுறீங்களாம்மா? மருந்து வரலன்னா குழந்தைங்க கதி?"

"பிரிவு பதினாலு சார். மாநிலம் எழுதிக் கேட்டா பதினஞ்சு நாள்ல குடுத்தே ஆகணும். புது நிபந்தனைன்னா சட்டசபை ஒத்துக்கணும்."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"பதினோரு வருஷமா அதுக்குக் கீழதான் சார் நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

இயக்குநர் சட்டப் புத்தகத்தை எடுத்து இரண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அடிங்கம்மா கடிதத்த. இன்னிக்கே போகட்டும்."

ஒரு வாரம் கழித்துத் தலைநகரிலிருந்து ஒரு மத்திய அரசு அதிகாரி முத்திரையக்காவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"எல்லா மாநிலமும் அமுக்கிடுச்சு. உங்களுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"கடிதம் கிடைச்சதுன்னு உங்க ஆபீஸ்ல கையெழுத்துப் போட்ட சீட்டு எங்கிட்ட இருக்கு சார். நாலு நாள் ஆச்சு. இன்னும் பதினொண்ணு இருக்கு."

அன்றிலிருந்து தினமும் அவள் குளிர் அறைக்குப் போய் ஊசிப் பெட்டிகளை எண்ணினாள். வேலை போகும் என்றார்கள் சிலர். அது போனால் போகட்டும். ஊசி வராமல் போனால்?

கடிதம் போய்ச் சேர்ந்த பதினான்காம் நாள் காலை இரண்டு குளிர்சாதன லாரிகள் வாசலில் வந்து நின்றன. இணையதளத்தைத் திறந்தால் அந்தப் பக்கத்தையே காணோம். மதியத்துக்குள் ஐந்து மாநிலங்களிலிருந்து அழைப்பு: "மேடம், அந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் கிடைக்குமா?"

லாரி ஓட்டுநர் ரசீதை நீட்டினார். முத்திரையக்கா இழுப்பறையைத் திறந்தாள். பக்கத்து மேஜைக்காரர் அவசர அவசரமாகத் தேநீரைக் கையில் தூக்கிக்கொண்டார்.

"குத்துங்கக்கா!"