பத்து இலக்கக் கதவு

பிரஷ்காரர் ஒரு காலத்தில் தன் அக்கா வீட்டுக்காரருக்கு நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். வட்டியில்லாக் கடன். வட்டிக்குப் பதிலாக அந்த அத்தான், சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் எல்லாம், "மச்சான் மெஷின் போட்டிருக்கான், என் பணத்துல" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து, கடைசித் தவணையைக் கொடுத்த கையோடு அத்தானிடம் பேச்சையும் குறைத்துக்கொண்டவர் பிரஷ்காரர். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. உலகத்தை அவர் இரண்டாகத்தான் பிரிப்பார்: சம்பளம் கொடுக்கிறவன், சம்பளம் வாங்குகிறவன். படித்தவர்கள் எல்லாம் இரண்டாவது ஜாதி என்பது அவர் முடிவு.

அந்தக் கடனில் வாங்கிய மெஷின் இன்றைக்கும் ஓடும். ஆள் நீளத்துக்கு ஓர் உருளையை அதில் மாட்டிவிட்டால், வரிசை வரிசையாகத் துளை போட்டு ஒவ்வொரு துளையிலும் நைலான் கற்றையைக் குத்திக்கொண்டே போகும். பழங்களைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் போடுகிற பெரிய மெஷின்களுக்குள்ளே சுற்றுகிற உருளை பிரஷ் அது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் இந்த மெஷினும், இழையை ஒரே மட்டமாக வெட்டுகிற இன்னொரு சின்ன மெஷினும், ஆறு பெண்களும். ஒட்டுப்பலகை அடித்துத் தடுத்த மூலைக்கு ஆபீஸ் என்று பெயர். அங்கே அவருடைய மகள் கணக்குப் பார்ப்பாள்.

இருபது வருஷமாக ஒரே ஒரு கம்பெனிதான் அவரிடம் பிரஷ் வாங்கியது. போன வருஷம் அந்தக் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. பிரஷ்காரர் அசரவில்லை. "அவன் மூடினா நான் மூடணுமா" என்றார். ஆனால் கொட்டகையில் மெஷின் சத்தம் வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு ஒரு நாள் என்று சுருங்கியது. கடைசியில் பழைய மெஷின் வாங்கி விற்கிற ஓர் ஆள் வந்து சேர்ந்தான். எதைப் பார்த்தாலும் கண்ணாலேயே எடை போடுவதால் அவனைத் தராசு என்பார்கள். துளை போடும் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பழைய இரும்பு விலையைவிடக் கொஞ்சம் கூடச் சொல்லி, பத்தாயிரம் முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த மாசக் கடைசியில் லாரியோடு வருவதாகப் பேச்சு. நடுவில் பிரஷ்காரருக்கு மனசு மாறினால் முன்பணத்தோடு இரண்டாயிரம் சேர்த்துத் திருப்ப வேண்டும். அதுதான் அவன் வியாபாரத்தில் வழக்கம். பிரஷ்காரர் பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டார். அந்த மெஷின் போய்விட்டால் அவர் பிரஷ்காரர் இல்லை. பின்கட்டில் தகரக் கொட்டகை வைத்திருக்கிற ஒரு கிழவர், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் மாப்பிள்ளையைச் சொல்லியாக வேண்டும். மகளைக் கட்டியவர். டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்கிறவர். அது என்ன தொழில் என்று யாராவது கேட்டால் பிரஷ்காரர், "கம்ப்யூட்டர்ல கோடு ஏறுறதைக் காட்டிக் காசு வாங்குறது" என்பார். பாதி உண்மை. மாப்பிள்ளை எங்கே போனாலும் மடிக்கணினியைத் திறந்து ஒரு படம் காட்டுவார். அதில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஏறும். கோடு ஏறிய வீட்டில் உலை ஏறியதா என்று அவர் திரும்பிப் பார்த்ததே கிடையாது. ஆனாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே. அவர் வந்தால் பிரஷ்காரர் எழுந்து நின்று, "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க" என்று நாற்காலியைத் தள்ளிப்போடுவார். மரியாதைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. மரியாதை வாயில்; மற்றது வயிற்றில்.

கம்பெனி மூடப்போகிறது என்ற பேச்சு கிளம்பியபோதே, வெளிநாட்டு ஆட்களுக்கு விற்கலாம் என்று மாப்பிள்ளை ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்திருந்தார். அதைத் திறந்தால் முதலில் ஒரு பூமி உருண்டை சுற்றும். அது சுற்றி முடிவதற்குள் ஒரு ஆள் முகம் கழுவிவிட்டு வந்துவிடலாம். அப்புறம் காதில் மைக் மாட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரிப்பாள். அவள் யார், எந்த ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பிரஷ்காரர் கேட்டதற்கு, "சும்மா ஒரு ஃபீலுக்கு மாமா" என்று பதில் வந்தது. அதற்குக் கீழே உலகத்தரம், நம்பிக்கை, புதுமை என்று மூன்று சொல். பிரஷ் எங்கே என்றால், இன்னும் கீழே, வெள்ளைப் பின்னணியில் ஓர் உருளை. படத்தைப் பார்த்தால் அது விரல் நீளமா, ஆள் நீளமா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

தராசு முன்பணம் கொடுத்துவிட்டுப் போன அந்த வாரத்தில்தான் மாப்பிள்ளை மடிக்கணினியோடு வந்தார். விளம்பரத்துக்கு இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் எங்கேயோ போய்விடலாம் என்றார். பச்சைக் கோட்டைக் காட்டினார். இதுவரை ஆறாயிரம் பேர் வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்திருக்கிறார்களாம்.

"ஆறாயிரம் பேரா?" என்று பிரஷ்காரர் கேட்டார்.

"கொஞ்சம் கூடவே இருக்கும் மாமா."

"அத்தனை பேரும் ஊமையா மாப்பிள்ளை? ஒருத்தன்கூடவா வாயத் திறந்து என்ன விலைன்னு கேக்கல?"

மாப்பிள்ளை சந்தைச் சூழல் என்று ஆரம்பித்தார். பிராண்டு மனசில் பதிய நாளாகும் என்றார். இந்த மாதிரி ஆட்களுக்குப் பதில் வராத கேள்வியே கிடையாது. பதிலில் மட்டும் ஒன்றும் இருக்காது. தடுப்புக்கு அந்தப் பக்கம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மகளுக்கு, அப்பா கேட்ட கேள்விதான் காதில் தங்கியது. அவளோடு படித்த ஒருத்தி கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய், அங்கே ஒரு காய்கறிக் கிடங்கில் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் போன் போட்டு, எங்கள் வெப்சைட்டுக்குள் போய் வாங்குகிற ஆள் மாதிரி ஒரு பிரஷ் கேட்டுப் பார் என்றாள். ஆண்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

தோழி முதலில் உருண்டை சுற்றுவதைப் பார்த்து அலுத்துக்கொண்டாள். பிறகு அளவு எங்கே என்று தேடினாள். இன்ச்சில் இருந்தது, இங்கே எல்லாரும் மில்லிமீட்டரில்தான் கேட்பார்கள் என்றாள். விலை எங்கே என்று தேடினாள். விலைக்கு எங்களைத் தொடர்புகொள்ளவும் என்றிருந்தது. வந்து சேர எத்தனை நாள் ஆகும், கப்பல் கூலி யார் தலையில் என்று தேடினாள். அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. சரி, தொடர்புகொள்ளலாம் என்று பெயரை அடித்தாள், தன் போன் நம்பரை அடித்தாள், அனுப்பு என்பதை அழுத்தினாள்.

"ஏய், சிவப்பா ஏதோ வருதுடி" என்றாள். "சரியான பத்து இலக்க எண்ணைத் தரவும்னு சொல்லுது. எங்க ஊர் நம்பர் பத்து இலக்கம் இல்ல. ஒண்ணும் பண்ண முடியல. நீங்க கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்துக்கிட்டு, யாருமே வரலைன்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க."

மகள் போனை வைத்தாள். கொட்டகையில் ஒருத்தி இழை வெட்டிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி, "பத்து இலக்கம் கட்டாயம்னு சொன்னது மாமாதான்" என்றார். "விலை போடக் கூடாதுன்னு சொன்னதும் மாமாதான்."

அதுவும் உண்மைதான். போன் நம்பர் தராமல் விலை கேட்கிறவன் எல்லாம் போட்டிக் கடைக்காரன் அனுப்பிய ஒற்றன் என்பது பிரஷ்காரரின் இருபது வருஷத்து நம்பிக்கை. நம்பரை வாங்கி, தானே திருப்பிக் கூப்பிட்டு, குரலைக் கேட்டு ஆளை எடை போட்டபிறகுதான் விலையை வாயிலிருந்து விடுவார். ஒரே கம்பெனிக்கு விற்றவரைக்கும் அது செல்லுபடியானது. வெப்சைட்டிலும் அதே காவலைப் போடச் சொன்னார். மாப்பிள்ளை போட்டார்.

இன்னொருவராக இருந்தால் இந்த இடத்தில் முகம் சுருங்கியிருக்கும். பிரஷ்காரர் நாற்காலியை இன்னும் நன்றாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொன்னேன் மாப்பிள்ளை. மூணாங்கிளாஸைத் தாண்டாதவன் சொன்னேன். வெளிநாட்டு நம்பர் எத்தனை இலக்கம்னு எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்ச நீங்க, இது தப்பு மாமான்னு ஒரு வார்த்தை சொல்ல நாக்கு இல்லையா? என்கிட்ட வேலை பாக்குற ஆறு பொம்பளைங்கள்ல எவகிட்ட வேணா கோணல் துளை போடச் சொல்லிப் பாருங்க. மூஞ்சிக்கு நேரா முடியாதும்பா."

மாப்பிள்ளைக்குக் காது மடல் சிவந்தது. பதில் மகளிடமிருந்து வந்தது.

"அப்பா, இவரு தலையாட்டினது தப்புதான். ஆனா உங்ககிட்ட தப்புன்னு சொன்ன ஆளை நீங்க மறுபடி வாசப்படி ஏத்துனதா சரித்திரம் உண்டா? கடன் குடுத்தவரு சிரிச்சாருன்னு, கூடப் பொறந்த அத்தையவே விட்டுட்டீங்க."

பிரஷ்காரர் மெஷின் இருக்கிற திசையைப் பார்த்தார். பிறகு, "விலையைப் போட்டுத் தொலை" என்றார். இருபது வருஷக் காவல் இப்படித்தான் முடிந்தது.

மகள் கணக்கு வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். உருண்டை போனது. மைக் மாட்டிய பெண் போனாள். அந்த இடத்தில் கொட்டகையும் துளை போடும் மெஷினும் பிரஷ்காரரின் கையும் வந்தன. உருளைமேல் கை வைத்துப் படம் எடுத்ததால் பார்க்கிறவனுக்கு அளவு புரிந்தது. எல்லா அளவும் மில்லிமீட்டரில். நீளத்துக்கு இவ்வளவு, இழையின் தடிமனுக்கு இவ்வளவு என்று விலை. ஒரே ஒரு பிரஷ்ஷை மாதிரிக்கு அனுப்ப என்ன செலவு, எத்தனை நாளில் சேரும், உடைந்து வந்தால் யார் பொறுப்பு, பணம் எப்படி அனுப்புவது, எல்லாம் ஒரே பக்கத்தில். போன் நம்பர் இஷ்டமிருந்தால் கொடுக்கலாம். மெயில் மட்டும் போதும். நம்பருக்கு முன்னால் நாட்டின் எண்ணைப் போடவும் இடம் விட்டாள். மாப்பிள்ளையை வெறுமனே விடவில்லை. போனில் திறந்தால் பக்கம் சட்டென்று வருகிறதா என்று பார்க்கிற வேலையை அவரிடம் தள்ளினாள். அதை அவர் ஒழுங்காகவே செய்தார். பச்சைக் கோடு காட்டத் தேவையில்லாத வேலை அவருக்கும் உடம்புக்கு நல்லதுதான்.

தலைப்பில் என்ன போடுவது என்பதில் இழுபறி. சிறந்த பிரஷ் உற்பத்தியாளர் என்று போடலாமா என்றார் மாப்பிள்ளை. மகள் அப்பாவிடம், ஒருத்தன் எப்போது புது பிரஷ் தேடுவான் என்று கேட்டாள்.

"எவனும் பிரஷ்ஷைத் தேட மாட்டான்" என்றார் அவர் எரிச்சலோடு. "பழத்துல கீறல் விழுந்தா மெஷின்காரனைத் திட்டுவான். அவன் பிரஷ் தேஞ்சிருச்சும்பான். அப்புறம்தான் அந்த மெஷின் பேரைச் சொல்லி உருளை எங்க கிடைக்கும்னு அலைவான்."

அதையே மகள் அடித்தாள். எந்தெந்த மெஷினுக்கு எந்த உருளை என்று தனித்தனிப் பக்கம் போட்டு, மேலே பழத்தில் கீறலா என்று எழுதினாள். அந்த வெப்சைட்டை எழுதியதே தான்தான் என்று பிரஷ்காரர் பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டதற்கு அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

முதல் மெயிலில் ஒருவன் இலவசமாக மாதிரி கேட்டான். பிரஷ்காரர் அவனைப் பிச்சைக்காரன் என்றார். இரண்டாவது மெயில் ஓர் ஆப்பிள் தோட்டத்துக்காரனிடமிருந்து. காசு அனுப்பி இரண்டு உருளை வாங்கினான். அவை போய்ச் சேருவதற்குள் தராசு இரண்டு முறை போன் செய்துவிட்டான், கிரேன் பேசிவிட்டதாக. பிரஷ்காரர் உம் கொட்டினார். சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே விட்டு எழுந்தார். இந்த விஷயத்தில் மட்டும் அவர் யாரையும் திட்டாததைப் பார்த்து மகள் பயந்தாள். தோட்டத்துக்காரன் பிரஷ்ஷை மாட்டிப் பார்த்து, நாற்பது உருளைக்கு விலை கேட்டான். விலை வெப்சைட் பக்கத்திலேயே இருந்தது. பாதிப் பணம் முன்கூட்டி என்பதும் இருந்தது. ஆனாலும் கேட்டான், பத்து சதவீதம் குறைக்க முடியுமா என்று. முடியாது என்று பிரஷ்காரர் சொன்னதை மகள் கொஞ்சம் தேன் தடவி எழுதினாள். தராசு வரவேண்டிய நாளுக்கு முந்தின நாள் பேங்கில் அந்தப் பாதிப் பணம் ஏறியது.

லாரியும் கிரேனும் சந்துக்குள் நுழைந்தபோது கொட்டகையில் மெஷின் முழு ஓட்டத்தில் இருந்தது. தராசு உள்ளே வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டான். வெப்சைட்டில் ஆர்டர் வந்த கதையைப் பிரஷ்காரர் சொல்ல, கேட்டுச் சிரித்தான்.

"வெப்சைட்டை நம்பி இந்த இரும்பை நிறுத்துறீங்களாண்ணே? முகம் தெரியாதவன், எந்த ஊர்க்காரனோ. அடுத்த மாசம் நீங்களே என்னைக் கூப்பிடுவீங்க. அப்ப இந்த விலை கிடையாது."

"தம்பி, முகம் தெரிஞ்ச உன்னைவிட அவன் நாலு மடங்கு கூடக் குடுத்திருக்கான்" என்றார் பிரஷ்காரர். "கிரேன் வாடகை உன் பாடு. பேச்சுல அது இல்ல. கையை நீட்டு."

தராசு தயங்கினான். மகள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். மாப்பிள்ளை அவளுக்குப் பின்னால். மெஷின் ஓட்டுகிறவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தராசு கடைசியில் கையை நீட்டினான். விரல் நுனியில் எச்சில் தொட்டுக்கொண்டு, அவசரமே படாமல், ஒவ்வொரு நோட்டையும் சத்தம் வரச் சொடுக்கி, பத்தாயிரத்தையும் அதற்குமேல் இரண்டாயிரத்தையும் அந்த விரித்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார் பிரஷ்காரர்.