இடுக்கிச் சத்தம்

மொரப்பூர் ஸ்டேஷனை விட்டு ஒரு மைல் நடந்திருப்பேன், இடது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். தோளில் இரண்டு முழ நீளத்துக்கு ஓர் இரும்பு இடுக்கி. எதிரே மாட்டு வண்டியில் வந்தவர் அதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார்.

"என்னாப்பா, பாம்பு புடிக்கிறவனா?"

"இல்லீங்க. கம்பி புடிக்கிறவன்."

"கம்பி என்னா, கடிக்குமா?"

"கடிக்கும்ங்க" என்று வேட்டியை ஒதுக்கி முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினேன். அவர் அதைக் குனிந்து பார்த்து, "பாம்பே தேவலாம் போலக்குது" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார்.

அந்த இடுக்கி என்னுடையது அல்ல. என் ஜோடிக்காரருடையது. அவரை அழைத்து வரத்தான் போய்க்கொண்டிருந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை ஷிப்டுக்கு நாங்கள் இருவரும் மில்லில் நிற்க வேண்டும். இல்லையென்றால் என் இடம் போய்விடும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சேலத்தில் ரயில் பாதை ஓரமாக இருந்த ஒரு ரோலிங் மில்லில் எனக்கு வேலை. பழைய தண்டவாளத்தைத் துண்டு போட்டு உலையில் காய்ச்சி, உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப விட்டு, வீடு கட்டுகிற கம்பியாக நீட்டுகிற இடம். உருளைக்கு முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள். முன்னால் நிற்பவன் பழுத்த இரும்பை உருளையில் வெட்டியிருக்கும் காடிக்குள் விடுவான். பின்னால் நிற்பவன் வெளியே வரும் நுனியை இடுக்கியால் கவ்வி அடுத்த காடி வழியாகத் திருப்பி அனுப்புவான். ஒவ்வொரு முறையும் அது மெலிந்து நீளும். முதலில் கை நீளம் இருந்தது கடைசியில் தெரு நீளம் ஆகிவிடும். நான் முன்னால் நின்றேன், அவர் பின்னால்.

நடுவே உருளைகளும் அவற்றின் மேல் ஊற்றுகிற தண்ணீரின் ஆவியும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அதனால் ஒரு வழக்கம் இருந்தது. காலடியில் பதித்த தகட்டில் இடுக்கியால் ஒரு தட்டு தட்டினால், வருகிறது என்று அர்த்தம். இரண்டு தட்டினால், பொறு. கை பழகிய பிறகு பல ஜோடிகள் இதை விட்டுவிடும். கம்பிதான் தானே வெளிச்சம் காட்டிக்கொண்டு வருகிறதே. என் ஜோடிக்காரர் மட்டும் விடவில்லை. "தட்டிட்டு வுடுடா" என்பார், தினமும். அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. பின்பக்கம் நிற்க வருவதற்கு முன் பத்து வருஷம் உலை வாயில் நின்றவர். வயசானவருடைய பயம் என்று நினைத்துக்கொண்டு தட்டினேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மதியம் தட்டாமல் விட்டுவிட்டேன். உலைக்காரன் லுங்கியில் பொறி விழுந்து, அவன் குதித்த குதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்திலிருந்து இரண்டு தட்டு கேட்டபோது கம்பி போய்விட்டது. அவர் தொடையில் சுற்றியிருந்த ஈரச்சாக்கைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. தோலில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு. அவர் வேறு சாக்கைச் சுற்றிக்கொண்டு ஷிப்டை முடித்தார். சாயங்காலம் மேஸ்திரியிடம் நாலு நாள் லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். வரவில்லை, கடிதமும் இல்லை. என்மேல் கோபம் என்று முடிவு செய்துகொண்டேன்.

மேஸ்திரி மூன்று வாரம் பொறுத்தார். சனிக்கிழமை கூப்பிட்டு, "திங்கக்கெழம ஜோடியா வந்து நில்லு. ஒத்தையா வந்தீன்னா யார்டுல போயி பழைய இரும்பு பொறுக்கு" என்றார். மில்லின் வழக்கம் அப்படி. பிரிந்த ஜோடியில் மிஞ்சியவனுக்கு உருளைப் பக்கம் இடம் கிடையாது. அவனோடு யாரும் நிற்க மாட்டார்கள். ஆனால் ஜோடியாக வேலையை விட்டு நின்றுபோனவர்கள் என்றைக்காவது ஜோடியாகத் திரும்பி வந்தால், அடுத்து காலியாகிற இடம் அவர்களுக்குத்தான்.

அன்று சாயங்காலம் அவருடைய இடுக்கியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஒருவன் இடுக்கியை இன்னொருவன் தொடக்கூடாது. அவனவன் கைக்கு ஏற்றபடி அவனவனே காய்ச்சி வளைத்துக்கொள்வது அது. அதைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் மறுக்க மாட்டார் என்று எனக்கு ஓர் எண்ணம்.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவன். ஓட்டலில் மாவாட்டினேன், லாரியில் கிளீனராக மைசூர் வரை போனேன், கல் உடைத்தேன். எந்த இடத்திலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. யாரும் விரட்டியதில்லை, நானாகவே கிளம்பிவிடுவேன். இந்த மில்லில்தான் இரண்டரை வருஷம் இருந்தேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆறுகிற கம்பிகளின்மேல் மக்காச்சோளக் கதிரை உருட்டிச் சுட்டுத் தின்போம். காலையில் கொண்டுவந்த ராகிக் களி கல்லாக இறுகியிருக்கும். தூக்குப்போசியோடு கம்பி ஓரம் வைத்தால் பத்து நிமிஷத்தில் இளகிவிடும். மழைக்காலத்தில் தகரக் கூரையில் விழுகிற தண்ணீர் அப்படியே புகைந்து எழும்பும். வெளியே ஊரே நடுங்கும்போது நாங்கள் பனியனோடு நிற்போம். அந்தப் பனியன் முழுக்கப் பொறி பட்டு ஊசி ஊசியாக ஓட்டை. பஸ்ஸில் அதைப் பார்த்தே எங்கள் ஆள் என்று கண்டுபிடித்துவிடலாம். பார்க்கவும் வேண்டாம், கேட்டாலே போதும். உருளைச் சத்தத்தில் பேசிப் பேசி, பக்கத்து சீட்டில் இருப்பவனிடம் பத்துச் சீட்டு தள்ளி இருப்பவனோடு பேசுகிற மாதிரி பேசுவோம். ஒரு கண்டக்டர் எங்கள் இருவருக்கும் சண்டை என்று நினைத்து விலக்கிவிட வந்தார். நாங்கள் பேசியது கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றி.

ஜோடிக்காரர் வீடு ஸ்டேஷனிலிருந்து மேற்கே நாலு மைல். மேட்டுக்காட்டில் ஒற்றை ஓட்டு வீடு, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. அறுத்த சோளத்தட்டு போராக நின்றது. அவர் மனைவி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இடுக்கியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஆனாலும், "வாங்க தம்பி, ஒக்காருங்க" என்றார்.

ஜோடிக்காரர் கட்டிலில் இருந்தார். என் குரல் கேட்டதும் எழுந்தார்.

"அடேய், வந்துட்டியா? என்னா இவ்ளோ லேட்டு?"

"அண்ணா, அன்னிக்கு நான் தட்டாம வுட்டது தப்புதான்."

"அட அத வுடுடா. தொடையில தோலு போனா வளரும். மில்லு எப்பிடிக்குது? உலைக்காரன் லுங்கி புதுசு வாங்கிட்டானா?"

"இல்லண்ணா, ஓட்டையோடவே கட்றான். காத்தோட்டமா இருக்குதாம்."

இருவரும் சிரித்தோம். அவர் இடுக்கியை வாங்கிக் கைப்பிடி முதல் வாய் வரை தடவினார். திறந்து மூடினார். எண்ணெய் போட்டிருக்கியே என்றார். எனக்கு அப்போதே பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. மேஸ்திரி சொன்னதைச் சொன்னேன்.

"நாளைக்கிதானே? சாயங்கால வண்டிக்கே கெளம்பலாம்" என்றார் அவர். "ஏ புள்ள, வேட்டிய எடுத்து வையி."

அவர் மனைவி அசையவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, கூட்டிக்கிட்டுப் போங்க. நான் வேணாங்கல. அதுக்கு முன்னாடி ஒருக்கா இங்க புடிச்சுக் காட்டச் சொல்லுங்க."

"என்னாத்த அண்ணி?"

"கம்பிதான். சோளத்தட்டு கெடக்குதில்ல. கொட்டாய் படலுக்கு அந்தாண்ட நின்னு ஓட்டையில வுடுங்க. அவரு இந்தாண்ட புடிக்கட்டும்."

"பைத்தியமாடி நீ" என்றார் அவர். ஆனால் குரலில் வேகம் இல்லை. "இருபது வருசம் மில்லுல நின்னவன. சரி, வுடுடா. அவளும் பாக்கட்டும்."

எனக்கு விளையாட்டாகத்தான் பட்டது. நல்ல நீளமான சோளத்தட்டாக உருவிக்கொண்டு படலுக்கு அந்தப் பக்கம் போனேன். மில்லைப் போலவே அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. ஓட்டையில் நுழைத்து மெதுவாகத் தள்ளினேன். அவர் கவ்வினால் என் கைக்கு ஒரு இழுப்பு வரும். இரண்டரை வருஷமாக என் கைக்குத் தெரிந்த இழுப்பு அது. வரவில்லை. இன்னும் தள்ளினேன். பாதிக்கு மேல் போய்விட்டது.

"டேய், அனுப்பிட்டியா இல்லையாடா?" என்றார் அவர்.

படலைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தேன். சோளத்தட்டு அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்சம் இடது பக்கமாக, இடுக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, மில்லில் நிற்கிற மாதிரியே முட்டியை மடக்கி, அது வருவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

நான் பேசாமல் நின்றதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. இடுக்கியை இறக்கினார்.

"அங்க அது எரிஞ்சுகிட்டு வரும்டா" என்றார். "எங்கன்னு தெரியாது. எந்தப் பக்கம்னு தெரியும். மிச்சத்துக்கு நீ தட்ற சத்தம்."

"எத்தினி நாளாண்ணா?"

"ஆவுது, ஆறு மாசம்."

தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்ததை அவர் மனைவி சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை. இன்னும் முத்தட்டும், வருஷம் கழித்து வா, அறுத்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் சொன்னதை மறைக்கப் போவதில்லை. "அண்ணா, ஒரு வருசந்தானே? நான் ஒவ்வொரு தடவையும் தட்றேன். கம்பி தவறாம தட்றேன். யாருக்கும் தெரியாது, வாங்க" என்றேன். அந்த இடம் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு நாளு மறந்தீன்னா?"

"மறக்க மாட்டேண்ணா."

"அன்னிக்கி மறந்தியே" என்றார். கோபமே இல்லை, சாப்பிட்டியா என்று கேட்கிற மாதிரி. "கால்ல பட்டுதுன்னா எனக்கு மட்டுந்தான். நான் தப்பாத் திருப்பி வுட்டேன்னா அது உன் வயித்துல வரும். அத நெனச்சுத்தான் வந்துட்டேன். நீ வந்து நின்னதும் ஆசை வந்துருச்சு. அவ்ளோதான்."

ராகிக் களியும் அவரைக் குழம்பும் சாப்பிட்டோம். சாப்பிடும்போது மில் கதையே பேசினோம். கம்பி ஒரு முறை கூரைக்கு ஏறி மாட்டிக்கொண்டு, அதை இறக்க ஏணி கேட்டால் மேஸ்திரி குடை கொண்டுவந்தது. இருவரும் பழக்கத்தில் கத்தினோம். மாடு மிரண்டது.

கிளம்பும்போது அவர் ஒன்று கேட்டுக்கொண்டார். "கண்ணுன்னு சொல்லிராத. காட்டு வேலைன்னு சொல்லு. கண்ணுன்னு தெரிஞ்சா அப்பறம் அறுத்துகிட்டு வந்தாலும் நிக்க வுட மாட்டாங்க."

இடுக்கியைக் கொட்டகை மூங்கிலில் மாட்டிவிட்டு வந்தேன்.

மொரப்பூர் வரைக்கும் இதையே யோசித்துக்கொண்டு நடந்தேன். திங்கட்கிழமை நான் மட்டும் போய் நின்றால் யார்டு வேலை கிடைக்கும். ஆனால் ஜோடி பிரிந்ததாகிவிடும். அறுத்துக்கொண்டு அவர் வந்தாலும் நிற்பதற்கு எதிரே ஆள் இருக்காது. நானும் போகவில்லை என்றால் நாங்கள் ஜோடியாக நின்றுபோனவர்கள்.

ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு தபால் கார்டு வாங்கி, அங்கேயே பென்சில் கேட்டு எழுதினேன். என் கையெழுத்து அப்போதும் இப்போதும் ஒன்றுதான், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். "மேஸ்திரி அவர்களுக்கு. ஜோடிக்கு ஊரில் காட்டு வேலை அதிகம். நாங்கள் ரெண்டு பேரும் நின்றுகொள்கிறோம். முடிந்ததும் ரெண்டு பேரும் வருவோம். என் இடுக்கி மூன்றாவது ஆணியில் இருக்கிறது, எடுத்து வைக்கவும்." பெட்டியில் போட்டேன். பிளாட்பாரத்திலேயே படுத்தேன்.

காலையில் சேலம் போகிற பாசஞ்சர் வந்து நின்றபோது பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அது கிளம்பிப் போன பிறகு லைனைக் கடந்து அந்தப் பக்கம் போனேன். தண்டவாளம் மாற்றுகிற கேங் அங்கே கூடியிருந்தது. இரண்டு ஆள் குறைவு என்று டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார். கேங் மேஸ்திரி என் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை.

கழற்றிப் போட்ட பழைய தண்டவாளத்தைத் தூக்கி ஓரமாக அடுக்க வேண்டும். அதற்கும் இடுக்கிதான். ஒரு இடுக்கிக்கு இரண்டு ஆள், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். என் எதிரே வெற்றிலை மென்றுகொண்டு தடியாக ஒருவர் நின்றார். தண்டவாளத்தைக் கவ்வுவதற்கு முன், நான் இடுக்கியின் வாயால் தண்டவாளத்தில் ஒரு தட்டு தட்டினேன்.

"எதுக்குய்யா தட்ற?"

"நான் ரெடின்னு சொல்றேங்க."

"அதான் மூஞ்சிக்கு நேரா நிக்கிறியே. கண்ணு தெரியுதில்ல எனக்கு."

"தெரிஞ்சாலும் தட்றேங்க."

அவர் வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டுக் குனிந்தார். தூக்கினோம்.