ரெண்டு கைக்காரி

பந்து இடப்பக்கம் வருகிறது. அன்னக்கொடி மட்டையை இடக்கைக்கு மாற்றி அடிக்கிறாள். அடுத்தது வலப்பக்கம்; மட்டை வலக்கைக்கு வந்துவிடுகிறது. மேசைக்கு எதிரே நிற்கும் அண்ணன் தவசி குரங்கணிக்கு ஜீப் ஓட்டுகிறவன். மலை வளைவுகளில்கூட அவன் இப்படித் திணறுவதில்லை.

“கையத் திருப்பி அடி ஆத்தா. ஊரு ஒலகமே அப்பிடித்தான் ஆடுது.”

“எதுக்குண்ணே திருப்பணும்? எனக்குத்தான் இன்னொரு கை சும்மா கெடக்கே.”

பகலெல்லாம் அவள் போடியில் ஓர் ஏலக்காய்க் கிடங்கில் காய் பொறுக்குகிறாள். அங்கே ஒரு கையை நம்பினால் பிழைக்க முடியாது. வலக்கை கொழுத்த பச்சைக் காயைத் தள்ளும்போதே இடக்கை வெடித்த காயை ஒதுக்கியிருக்கும். வாய் பக்கத்தில் இருப்பவளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். சாயங்காலம் அவள் ஏலக்காய் வியாபாரிகளின் கிளப்புக்கு ஆட வந்தாலும் அந்தக் கைகளுக்குப் புத்தி மாறுவதில்லை. வியாபாரிகள் சீட்டுக்கட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள் என்பதால் டேபிள் டென்னிஸ் மேசை அண்ணன் தங்கை ராஜ்யம்தான்.

அம்மா கருத்தம்மாளுக்கு இதெல்லாம் ஆகாது. “பந்தத் தட்டுனா கஞ்சி ஊத்துமாடி?” என்பாள். ஊத்தும் என்று பிறகு தெரிந்தது. மதுரையில் ஒரு வங்கி தன் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறது, தேறினால் உத்தியோகம். அன்றிலிருந்து, “வெரசாப் போடி, எவளாச்சும் மேசையப் பிடிச்சிரப் போறா” என்று விரட்டுகிறவளே அவள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் தேர்வு. கடைசி ஆட்டத்தில் எதிராளிப் பெண், கை மாற்றுவதாகப் புகார் செய்தாள். விதியில் தடையில்லை என்றார் நடுவர். ஆளெடுக்க வந்த அதிகாரிக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

“இது வெளையாட்டாம்மா, இல்ல வித்தை காட்டுறியா? எங்க டீம்ல சேரணும்னா ஒரே கையில ஆடிக் காட்டு.”

“சரிங்க சார்” என்று தலையாட்டிவிட்டாள், பாவம். இடக்கையை இடுப்பில் அழுத்திக்கொண்டு, வலக்கையை மட்டும் வைத்துத் தட்டுத்தடுமாறி, எப்படியோ இருபதுக்குப் பத்தொன்பது என்று முந்திவிட்டாள். இன்னும் ஒரே புள்ளி. உத்தியோகம் கண்ணுக்கு முன்னால் நின்றது. கூட வந்திருந்த தவசி கும்பிடாத சாமி பாக்கியில்லை.

பந்து இடப்பக்கம் வந்தது.

அவள் அடித்த அடியை எதிராளிப் பெண் தொடக்கூட இல்லை. கூட்டம் கைதட்டியது. அதிகாரியும் தன்னை மறந்து தட்டினார். அன்னக்கொடி அப்போதுதான் குனிந்து பார்த்தாள். மட்டை இடக்கையில் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, மட்டையோடு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.