அதிரசப் பாகும் என் சென்ட்டும்

கண்ணில் புரை விழுந்த பிறகு அம்மா அதிரசப் பாகின் பதத்தை மூக்கை வைத்துத்தான் பார்த்தாள். அது எனக்குத் தெரியாது. போன தீபாவளிக்கு ஒரு புது சென்ட் அடித்துக்கொண்டு, சின்னசேலத்தில் ரயில் இறங்கி, கள்ளக்குறிச்சி வீட்டுக்குப் போனேன். அந்த சென்ட்டுக்குக் காய்ச்சிய வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்த வாசனை. பண்டிகைக்கென்றே ஆசைப்பட்டு வாங்கித் தொலைத்தேன். நேராக அடுப்பங்கரைக்குப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன்.

"ஐயோ, பாகு முத்துது!" என்று பதறிப்போய்ச் சட்டியை இறக்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து பதம் வராத அந்தப் பாகில் பிசைந்த மாவைத் தட்டிப் போட்டால், எண்ணெயில் ஒவ்வொன்றும் பிரிந்து கரைந்தது.

"என் மூக்கும் போயிடுச்சி," என்றாள் அம்மா.

"இல்லம்மா, எல்லாம் இந்த சென்ட்டால வந்தது." பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினேன். அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னைத் தேத்தறதுக்கு இன்னா கதையெல்லாம் சொல்ற."

அதோடு அதிரசம் சுடுவதையே விட்டுவிட்டாள். இந்த வருஷம் கடையில் வாங்கினோம். நான் எந்த சென்ட்டும் அடிக்கவில்லை. டப்பாவைத் திறந்ததுமே அம்மா, "பாகு முத்திடுச்சி," என்றாள். ஒன்றை எடுத்துக் கடித்தேன். கல்.

"சரியாத்தாம்மா சொன்ன," என்றேன்.

அதையும் நான் அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னதாகவே நினைத்துக்கொண்டாள்.