பேஸ் நின்ற இடம்

திரேசா அக்காவின் தொலைபேசி அழைப்பு வந்தபோது டூட்டிங் கடையில் வாங்கிவந்த மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். "வசந்தி, அவர் விடியப் போயிட்டார்" என்றார். அவர் என்றால் அக்காவின் கணவர் அருமைநாயகம் அண்ணை. லண்டன் ஜாஸ் மேடைகளில் ஆளுயரத் தந்தி வாத்தியமான பேஸை அணைத்துக்கொண்டு நின்ற மன்னார்க்காரர், என் வாத்தியார். எனக்கு அழுகை வரவில்லை. 'அப்பாடா, இனி நடுப்பாட்டில் நிறுத்த ஆளில்லை' என்றுதான் முதலில் தோன்றியது. மீனைக் கழுவி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் வருகிறது. அதற்கு "நல்லதா ஒரு பக்கம் எழுதித் தாரும்" என்று அக்கா கேட்டார். வாசிக்கப்போகிற நீங்களெல்லாம் அண்ணையை அறிந்தவர்கள். உங்களிடம் பொய் சொல்லி என்ன பயன்? நல்லதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அது சீக்கிரம் முடிந்துவிடும்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிதர் வாசிப்பில் சூரர். கப்பலில் வாத்தியக் குழுவில் வேலை செய்து லண்டனில் இறங்கியவர். எண்பதுகளின் தொடக்கத்தில், ஞாயிறு மத்தியானங்களில், வடலண்டன் பப் ஒன்றில் வாசிப்பார். பேஸ் தனியாக எழும்பும் நேரத்தில் குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் கிளாசைக் கீழே வைத்துவிடுவார்கள். நம்முடைய ஆள் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நான் முதன்முதலாகப் போன அன்று, இடைவேளையில் நேராக என் மேசைக்கு வந்தார்.

"விரல் மேசையில தாளம் போடுது. பியானோவோ?"

"ஓம் அண்ணை. கொன்வென்ரில படிச்சனான்."

"கொன்வென்ரில படிச்சதை மறக்க உமக்கு எவ்வளவு காலம் எடுக்கும்?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அந்தாளுக்குப் பகிடி தெரியாது என்று பிறகுதான் விளங்கியது.

வடலண்டன் எட்மண்டனில் கவுன்சில் மண்டபம் ஒன்றில் சனிக்கிழமை காலைகளில் வகுப்பு வைத்தார். எல்லோரும் வேலைக்குப் போகும் வளர்ந்த ஆட்கள்தான். ட்ரம்பெட் பழகவந்த நேர்ஸ் ஒருத்தியிடம், "உம்மட நோயாளியள் எப்பிடித் தப்புகினம்?" என்று வாய் கூசாமல் கேட்டார். அவள் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். "பேஸ் எண்டது வீட்டு நிலம். நிலத்தை ஆரும் பாராட்டுறேல்லை. இல்லாமல் போனாத்தான் தெரியும்" என்று அடிக்கடி சொல்வார். சொன்னதைச் செய்தும் காட்டுவார். யாராவது தாளத்தை விட்டால் தன் வாசிப்பை அப்படியே நிறுத்திவிட்டு, பேஸை அணைத்துக்கொண்டு, விட்டவரின் முகத்தையே பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து நாங்கள் வீட்டில் கால் வீங்கும்வரை தாளம் தட்டிப் பழகினோம்.

எண்பதுகளின் நடுவில் அவருடைய ஒரே இசைத்தட்டு வந்தது. பெயர் 'வற்று'. கடல் உள்வாங்கும் நேரத்துக்கு அவருடைய ஊரில் வழங்கும் சொல் அது. அதில் பியானோ நான். மூன்றாவது பாட்டில் என் தனி வாசிப்பு தொடங்கிச் சற்று நேரத்தில் பேஸ் நின்றது. திரும்பிப் பார்த்தேன். இடக்கையைப் பேஸுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என்னை முறைத்துக்கொண்டிருந்தார். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வேர்த்து விறுவிறுத்து எப்படியோ ஒரு சுற்று முழுவதையும் தனியாக இழுத்துக்கொண்டு வந்தேன். பிறகுதான் அவர் சேர்ந்தார்.

வெளியே நடைபாதையில் வைத்துச் சொன்னார்: "நீர் தாளத்தை விட்டிட்டீர். திருப்பி எடுத்தாலும் விடுவீர். அதான் அப்பிடியே விட்டனான்."

இசைத்தட்டு வெளியானதும் அந்த மௌனத்தைத்தான் பத்திரிகைகள் கொண்டாடின. எவ்வளவு துணிச்சல், எவ்வளவு நுட்பம் என்று எழுதினார்கள். அதை வைத்துத்தான் ஒரு கல்லூரியில் அவருக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. நானோ ஒரு குளிர்காலம் முழுவதும் பியானோவின் மூடியைத் திறக்கவில்லை. பிறகு திறந்தேன் என்றால் அது திறமையால் அல்ல, வீம்பால்.

யோகனுக்கு அந்த வீம்பு இல்லை. அவன் கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்துகொண்டு கிட்டார் பழகியவன். அகதியாக வந்து, ஆறுதலுக்கென்று அவன் வைத்திருந்தது அந்தக் கிட்டார் ஒன்றுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வகுப்பு எட்மண்டனில் ஒரு நிகழ்ச்சி நடத்தியது. யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த அவன் மனைவி பட்டுச் சேலையில் முன்வரிசையில் இருந்தாள். யோகன் தனியாக வாசிக்கத் தொடங்கினான். பேஸ் நின்றது. அண்ணை மைக்கில் சொன்னார்: "யோகன் ஊர்ப் பஸ்ஸில வாறார் போல. வந்து சேரட்டும், பொறுங்கோ."

மண்டபமே சிரித்தது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து, அது பழிப்பு என்று விளங்காமல், அந்தப் பெண்ணும் சிரித்தாள். யோகன் கிட்டாரை மெதுவாகக் கீழே வைத்தான். அவன் தாளம் விடவில்லை என்றுதான் பக்கத்தில் பியானோவில் இருந்த என் காது சொன்னது. அண்ணை சொன்னபிறகு என் காதை யார் நம்பினார்கள்? நானே நம்பவில்லை. சில வருடங்களின் பின் ஒரு கடையில் அவனைக் கண்டு, கிட்டார் என்னவாயிற்று என்று கேட்டேன். "அது விட்டாச்சு அக்கா. எனக்குத் தாளம் வராது எண்டு அண்ணையே காட்டிட்டார்தானே" என்றான்.

இந்த மலருக்கு அண்ணையின் படம் ஒன்று தெரிந்தெடுக்கப் போன வாரம் திரேசா அக்காவிடம் போனேன். படங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு அக்கா தேத்தண்ணி ஊற்றினார். பேஸோடு நிற்கும் படம் ஒன்றைக் கையில் எடுத்தவர் பெருமூச்சு விட்டார்.

"இந்தக் கையால பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். வாசிக்கேக்கை ரெண்டு விரல் மடிஞ்சு பூட்டினமாதிரிப் பிடிச்சிடும். இசைத்தட்டுக்கு முதலே தொடங்கிட்டுது."

கோப்பையைக் கீழே வைத்தேன். "எங்களுக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"வெளியில தெரிஞ்சா ஆர் பிறகு வாசிக்கக் கூப்பிடுவினம்? கை பிடிக்கிற நேரம் உங்களில பழியைச் சாட்டிச் சமாளிச்சிடுவார். 'பிள்ளையள்தானே, தாங்குவினம்' எண்டுவார்." கணவரின் கெட்டித்தனத்தைச் சொல்வதுபோல அக்கா லேசாகச் சிரித்தார். "தேத்தண்ணி ஆறப்போகுது, குடியும்."

வீட்டுக்கு வந்து 'வற்று' இசைத்தட்டைப் போட்டேன். மூன்றாவது பாட்டில் பேஸ் நிற்பதற்குச் சற்று முன், ஒரு சுரம் வழுக்கி விழுகிறது. அவருடைய சுரம். என் பியானோ தொடக்கம் முதல் கடைசிவரை தாளத்தில் பிசகாமல் போகிறது. இத்தனை வருடமாக அந்த இசைத்தட்டைக் கேட்டு நான் தேடியது என் பிழையை மட்டும்தான். அட பாவி மனிதா! கை வலிக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நாங்கள் உங்களைச் சுமந்துகொண்டு வாசித்திருக்கமாட்டோமா? என் கோபம் இன்னும் அணையவில்லை. செத்தவரை மன்னிக்கவேண்டும் என்று பூசையில் பிரசங்கம் வைக்கும் சுவாமி சொல்வார். சொல்லட்டும்.

அன்றே யோகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணையின் கையைப் பற்றிச் சொன்னேன். எட்மண்டன் நிகழ்ச்சியில் பேஸ் நின்றதும் அந்தக் கையால்தான் என்றேன்.

"அப்ப நான் அண்டைக்குச் சரியாத்தான் வாசிச்சனானோ, அக்கா?"

"ஓம் யோகன். சரியாத்தான் வாசிச்சனீ."

பின்னால் ஒரு பெண் குரல், "ஆரப்பா போனில?" என்று கேட்டது. அன்று முன்வரிசையில் சிரித்தவள்தான். "ஒருத்தருமில்லை, ஷிப்ட் விசயம்" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான்.

திரேசா அக்கா, இதை மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது ஒன்றைத்தான்: மூன்றாவது பாட்டில் பேஸ் நின்றபின் பியானோ தனியாகப் போகும் அந்தச் சுற்று. அதில் அவர் இல்லை, நான் இருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம். யோகனுக்கு அதுவும் இல்லை. அவன் அன்று வாசித்ததை ஒருவரும் பதிவு செய்யவில்லை.