மடவைக்குப் போட்ட தையல்

காலை 6.00, ஆம்பூரை அடுத்த மாதனூர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம் இல்லை. ஆம்பூரிலிருந்து கோவளம் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். தோல் வாடையில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மீன் வாடையைத் தேடி இத்தனை தூரம் போவானேன் என்று மனைவி கேட்டாள். காற்று மாற்றம் என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது.

உண்மைக் காரணம் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்வர் பாய், எங்கள் கம்பெனியில் சாம்பிள் தைப்பவர். புது டிசைனில் முதல் ஜோடி அவர் கையால்தான் பிறக்கும். நான் அங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு தையலும் போடத் தெரியாது. பிறர் போட்டதில் குறை சொல்லத் தெரியும். இலக்கிய விமர்சகருக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், எனக்கு மாதச் சம்பளம்.

மூன்று மாதம் முன்பு பாய் பைக்கிலிருந்து விழுந்தார். வலது கை விரல்களில் ஆபரேஷன். சரியாகிவிட்டது என்றார் டாக்டர். விரல்களுக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பவேண்டும். வெள்ளியன்று தைத்துப் பார்த்தார். கோணல். 'ஓகே பாய்' என்றேன். என் இரக்கத்தை அவர் மன்னிக்கவில்லை. மனசை வேறெதிலாவது திருப்பச் சொன்னார் டாக்டர். நான் காரைக் கடல் பக்கம் திருப்பினேன்.

10.15, கோவளம். படகு வாடகை 3,500 ரூபாய், இரை உட்பட. படகுக்காரர் துரை எங்களைப் பார்த்ததுமே, "இப்பவா வர்றது? மீனெல்லாம் சாப்ட்டுட்டு படுத்திருக்கும்" என்றார்.

தேடிப்போனது களவா மீன். கடலடியில் பாறை இடுக்கில் உட்கார்ந்திருக்கும் சோம்பேறி. செத்த இரையை அது திரும்பியும் பார்க்காது என்றார் துரை. ஆகவே விரல் நீள மடவை மீன்கள் வாளியில் உயிரோடு நீந்தின. தூண்டில் முள்ளை நேரே இரைமீனில் குத்துவதில்லை. கண்ணுக்குச் சற்று முன்னால் ஊசியைக் கோத்து, நூலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்து, அந்த நூலில் முள்ளைக் கட்டவேண்டும். ஈயக்குண்டு அடியில் கிடக்க, மடவை அதற்கு மேலே நீந்தும். இறுக்கினால் செத்துவிடும். தளர்த்தினால் கழன்றுவிடும்.

நான் இரண்டைக் கொன்றேன்.

"இன்னா சார், பார்சலா கட்றீங்க? அது உசுரோட கீழ போவணும்."

அதுவரை கையைச் சட்டைப்பையில் வைத்திருந்த பாய், "கொண்டா இங்க" என்றார்.

"படகு ஆடுது, பாய்..."

"நீ கம்முனு இரு தோஸ்த். நீதான் எல்லாத்துக்கும் ஓகே போடற ஆளாச்சே."

முதல் தடவை ஊசி வழுக்கியது. உருதுவில் ஏதோ சொன்னார், எழுதமுடியாது. மறுபடி கட்டைவிரலால் தடவி, இடம் பார்த்து, கோத்து, முடிச்சிட்டு வாளியில் விட்டார். மடவை ஒருக்களித்துச் சாய்ந்தது. 'பரவால்ல பாய்' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். மீனிடம் சிபாரிசு செல்லாது.

வால் ஒருமுறை துடித்தது. மடவை நிமிர்ந்து, முள்ளை இழுத்துக்கொண்டு வாளியைச் சுற்றியது.

"போவுது பாருங்க பாய்!" என்று கத்தினார் துரை. பாய் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மூன்று மாத மூச்சு ஒரே நேரத்தில் வெளியே வந்தது.

களவா கடித்ததென்னவோ நிஜம். கடித்ததும் பாறைக்குள் புகுந்தது. தூண்டில் நரம்பான தங்கூஸ் அறுந்தது. "தங்கூஸ்தான் அறுந்துச்சு, தையல் இல்ல!" என்று பாய் கைகொட்டிச் சிரித்தார். மிச்சமிருந்த மடவைகளையும் அவரே தைத்தார். மீன் ஒன்றும் கிடைக்கவில்லை.

மாலை 6.30, ராணிப்பேட்டை. ஜன்னல் வழியாக நம்மூர்த் தோல் வாடை வந்தது. கடற்காற்று எத்தனை சுத்தமானாலும், ஒரு நாளைக்கு மேல் அதில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

"பாய், கடைசி மடவைக்குத் தையல் லூஸ்" என்றேன்.

"கை வலிச்சுதுய்யா! உனக்கு இன்னா தெரியும், ஒரு மீனாவது தச்சியா நீ?" என்று ஆரம்பித்தவர் வேலூர் வரும்வரை நிறுத்தவில்லை. நிம்மதியாகக் காரை ஓட்டினேன்.