மணலுக்குள் ஒளித்த அயிரைகள்

என் மகள் இத்தாலிக்கு, பலேர்மோவுக்கு வந்தபோது அவளுக்கு ஏழு வயது. இரண்டு வயதில் அவளை யாழ்ப்பாணத்தில் அக்காவிடம் விட்டுவிட்டு நான் கணவரிடம் வந்திருந்தேன். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கிடைத்து அவளைக் கூப்பிட ஐந்து வருடங்கள் ஆகிவிட்டன. விமான நிலையத்தில் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்களோ சித்தி?" என்று கேட்டாள். அவளுக்கு அம்மா என்றால் அக்காதான். நான் திருத்தவில்லை. போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

பலேர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்களுக்கு ஒற்றை அறை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அந்த நாட்களில்தான், பொலிதேயாமாப் பக்கம் நான் வேலைக்குப் போன வீட்டுக்காரப் பெண்மணி, சிஞ்ஞோரா, படிக்கப் போய்விட்ட மகனின் மீன்தொட்டியை எறியப்போவதாகச் சொன்னார். உள்ளே ஆறு அயிரைகள். விரல் நீளம், மஞ்சள் உடம்பில் கறுப்பு வளையங்கள், வாயோரம் குட்டி மீசை. கணவர் வெறுந்தொட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் மூடி போட்ட பானையில் மீன்களைக் கொண்டுபோனேன்.

எங்கள் வீட்டுக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். வாளியில் பிடித்து ஒரு நாள் ஆறவைத்துத் தொட்டிக்கு மாற்றுவேன். அயிரைகள் பகல் முழுக்க மணலுக்குள் கிடக்கும். பொழுது சாய்ந்து விளக்கை அணைத்தால்தான் தலை காட்டும். நானும் மகளும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு காத்திருப்போம்.

"சத்தம் போடாதைங்கோ சித்தி, ஒண்டு வருகுது" என்று என் கையைப் பிடிப்பாள். அவள் தானாக என்னைத் தொட்டது அப்போதுதான்.

ஆறையும் படம் வரைந்து, அக்காவுக்கு அனுப்பச் சொல்லித் தந்தாள். அனுப்பினேன். சில கிழமைகளில் அத்தானின் கடிதம் வந்தது. இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன இடத்தில் அக்கா மலேரியாக் காய்ச்சலில் செத்துப்போயிருந்தார். படத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் கடிதத்தை அரிசி வாளிக்குள் வைத்தேன்.

"அம்மா படத்தைப் பாத்திட்டாவோ?"

"ஓம், பாத்திட்டாவாம். நல்ல வடிவாம்."

இரண்டு கிழமை அப்படியே பொய் சொன்னேன். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, விஷயம் கேள்விப்பட்டிருந்த எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி மகளின் தலையைத் தடவி, "உன்னை வளத்த மனுசி, பாவம், போயிட்டா" என்றாள். மகள் என்னைப் பார்த்தாள்.

மறுநாள் நான் வேலையால் வந்தபோது கறி அகப்பையால் தொட்டி மணல் முழுவதையும் அள்ளித் தரையில் கொட்டியிருந்தாள். கலங்கிய தண்ணீரில், ஒளிக்க இடமில்லாமல், அயிரைகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன.

"என்ன பிள்ளை செய்தனி?"

"நீங்கள் ஒளிச்சனீங்கள்" என்றாள். "எனக்குச் சொல்லாமல் ஒளிச்சனீங்கள்."

நான் கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. மணலைக் கூட்டி அள்ளி, இருந்த தண்ணீரில் கழுவித் திரும்பவும் போட்டேன். பிந்திவிட்டது. இரண்டு நாளில் நான்கு செத்து மிதந்தன. மிச்ச இரண்டை அவள் எட்டியும் பார்க்கவில்லை.

அக்காவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தோம். மகள் தகப்பனின் மறுபக்கம் போய் அமர்ந்தாள். பூசை முடியும்வரை விக்கி விக்கி அழுதாள். அவர் அவளை அணைத்துக்கொண்டார். தாயை இழந்தவள் அவள். அவளுக்கு முன்னால், என் அக்கா என்று சொல்லி அழ எனக்கு வாய் வரவில்லை. பிறகு சிஞ்ஞோராவின் குளியலறையைத் தேய்க்கும்போது, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.